உண்டியலின் வாய்

திருச்சி துவாக்குடி சிட்கோ பக்கம் பாய்லர் வேலைக்குத் தகடு வெட்டி வெல்டிங் செய்யும் பட்டறைகள் நிறைய. பெல் நிறுவன ஆர்டர் குறையும் மாதங்களில் கேட், கிரில் என்று கிடைத்ததைச் செய்வார்கள். ஜன்னல் கிரில்லுக்கு விலை கேட்க ஒரு பட்டறைக்குப் போனேன். தரையில் பாதி முடிந்த உண்டியல் ஒன்று படுத்துக் கிடந்தது. இடுப்புயர எவர்சில்வர் பெட்டி. கோயிலுக்கா, சர்ச்சுக்கா என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் இதேதான் சார். படம் மட்டும் அவங்க ஒட்டிக்குவாங்க."

வெல்டர் பெருமையாகக் காட்டியது அதன் வாயை. காசு போடும் பிளவுக்கு உட்புறம் சாய்வாக ஒரு தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார். நோட்டு வழுக்கி இறங்கிவிடும். கம்பியில் பசை தடவித் துழாவினாலும் மேலே வராது. பின்கதவில் இரண்டு கொண்டி, இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. பக்திக்கென்று செய்யும் சாமானில் பாதி உழைப்பு திருட்டைத் தடுக்கவே போய்விடுகிறது.

இந்தப் பெட்டி பிறந்ததே சந்தேகத்தில்தான். கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் ஆண்ட அரசன் யோவாஸ். ஆலயத்துக்கு வரும் பணத்தில் இடிந்த பகுதிகளைச் சீராக்கும்படி ஆசாரியர்களிடம் சொல்லியிருந்தான். ஆட்சியின் 23-ஆம் ஆண்டிலும் வேலை நடந்தபாடில்லை. பணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துளையிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தான். நாணயம் புழக்கத்துக்கு வராத காலம். துளை வழியே விழுந்தவை வெள்ளித் துண்டுகள். நிறைந்ததும் அரசனின் எழுத்தரும் தலைமை ஆசாரியரும் சேர்ந்து எண்ணிப் பையில் கட்டினார்கள். தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி போனது. பைபிளில் 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. வேலையை நடத்தியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்றும் அங்கே ஒரு குறிப்பு உண்டு. அவர்கள் நாணயமானவர்களாம். எண்ணுகிற இடத்தில்தான் இரண்டு ஆள் தேவைப்பட்டார்கள்!

பிற்கால ஆலயத்தில் பெட்டிகள் 13. கொம்பு வடிவில் இருந்தன என்கிறது மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு. ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதை நம் ஊர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் காணிக்கைப் பெட்டி இவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்பார்கள். இவை போக அங்கே 'ரகசிய அறை' என்று ஒன்றும் இருந்தது. கொடுப்பவர் யார் கண்ணிலும் படாமல் வைத்துவிட்டுப் போவார். வாழ்ந்து கெட்ட குடும்பத்தாருக்கு அதிலிருந்து யாருக்கும் தெரியாமல் உதவி போகும்.

கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். ஆலயம் போனாலும் பெட்டி போகவில்லை. ஊர் ஊராக, யூதர்களின் பொது நிதியாகப் பிழைத்தது. பெயர் 'குப்பா'. வசூலிக்க இரண்டு பேர், பங்கிட மூன்று பேர் என்பது சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் ஏழைகளுக்கு ஒரு வாரத்துக்கு உண்டானதைக் கொடுத்தார்கள். கையில் 14 வேளைச் சாப்பாடு இருப்பவர் அதில் வாங்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நாளுக்கு இரண்டே வேளை.

குப்பா இல்லாத யூத ஊரைத் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று 12-ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து எழுதினார் யூத அறிஞர் மைமோனிடஸ். கொடுப்பதை எட்டுப் படிகளாகப் பிரித்தவர் அவர். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ ஒருவன் இனிக் கை நீட்டாமல் செய்வது மேல்படி. இவருடைய தம்பி தாவீது வியாபாரத்துக்காகக் கப்பலேறி, நம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தவர். வீட்டுப் பணமும் ஊரார் பணமும் கூடவே போயின. தம்பி சம்பாத்தியத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், பிறகு வைத்தியம் பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினார். நொடித்துப் போவது என்னவென்று அறிந்த கை எழுதிய பட்டியல் அது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே பெட்டி இன்னும் சிறுத்துத் தகர டப்பாவாகி அடுப்படிக்கே வந்துவிட்டது. 'புஷ்கே' என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும் முன் வீட்டம்மா அதில் காசு போடுவாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் நம் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காசுக்கு எபிரேயத்தில் 'செதாக்கா' என்று பெயர். வேர்ச்சொல்லின் பொருள் நீதி. இரக்கப்பட்டுப் போடுவது என்பதைவிடச் செலுத்த வேண்டிய கடன் என்பதே அதில் தூக்கலாக ஒலிக்கிறது. உடன்பிறந்த அரபுச் சொல் 'சதகா', திருச்சி முஸ்லிம் வீடுகளில் அன்றாடம் புழங்குவது. தமிழும் விட்டுவைக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் "தர்மம் பண்ணுங்க" என்றால், அறத்தைச் செய் என்றும் காசு போடு என்றும் ஒரே சொல்லில் கேட்கிறார்.

பத்து நாள் கழித்துக் கிரில் எடுக்கப் போனேன். உண்டியல் பளபளவென்று நின்றது. வெல்டர் ஒரு ரூபாய்க் காசை வாயில் போட்டு, பெட்டியைச் சாய்த்துக் குலுக்கினார். காசு வரவில்லை. லால்குடிப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்காம். குட்டியானையில் ஏற்றினார்கள். சாவிகளைப் பெட்டியோடு அனுப்பவில்லை. ஊரிலிருந்து வந்த இரண்டு பேர் ஆளுக்கொரு கவராகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.