மூலப்பத்திரம் காணாத கிரயம்: மிக்மாக் மக்களுக்காக அரசு தனியார் நிலம் வாங்குவது குறித்து

நிலம் வாங்கப் போகிறவரிடம் வீட்டுப் பெரியவர்கள் விலையைக் கேட்கும் முன் மூலப்பத்திரத்தைக் கேட்பார்கள். விற்பவர் கைக்கு அது எப்படி வந்தது, கிரயமா, தானமா, பாகப்பிரிவினையா, அவருக்கு முன் யாருடையது என்று ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போவார்கள். கனடாவின் கிழக்குக் கரையில் தனியார் நிலத்தை அரசு விலைக்கு வாங்கி முதற்குடிகளான மிக்மாக் சமூகங்களின் பயன்பாட்டுக்குத் தரும் வழக்கத்தை ஆராய்வதற்கும் இந்தக் கேள்வியே உகந்த கருவி. இந்த வழக்கம் நியாயமானது. ஆனால் அதைக் கொடை என்று அழைத்தால் வரலாறு தலைகீழாகிவிடும் என்பது இக்கட்டுரையின் வாதம். பிரின்ஸ் எட்வர்ட் தீவின் நில வரலாறு அதற்கு முதன்மைச் சான்று.

ஒப்பந்தங்களில் இல்லாத வாசகம்

மிக்மாக் மக்கள் தங்கள் தாயகத்தை மிக்மாகி என்பர். இன்றைய நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூ பிரன்ஸ்விக்கின் ஒரு பகுதி, காஸ்பே தீபகற்பம், நியூஃபவுண்ட்லாந்து ஆகியவை அதில் அடங்கும். 1725 முதல் 1761 வரையிலான காலத்தில் பிரிட்டிஷ் முடியரசு இவர்களோடு செய்துகொண்டவை அமைதி, நட்புறவு ஒப்பந்தங்கள் எனப்படுகின்றன. கனடாவின் மேற்குப் பகுதியில் பின்னாளில் எழுதப்பட்ட எண்ணிட்ட ஒப்பந்தங்களில் நிலத்தை ஒப்படைக்கும் வாசகம் உண்டு. கிழக்கின் இந்த ஒப்பந்தங்களில் அது கிடையாது.

முடியரசின் தரப்புக்கும் ஒரு பிடிமானம் இருக்கிறது. ஏற்கெனவே அமைந்த குடியேற்றங்களையும், இனிச் சட்டப்படி அமையும் குடியேற்றங்களையும் தொந்தரவு செய்வதில்லை என்று 1725-ஆம் ஆண்டு ஒப்பந்தம் மிக்மாக் தரப்பிடம் உறுதி பெறுகிறது. ஆனால் ‘சட்டப்படி’ என்பது எந்தச் சட்டப்படி? முதற்குடி மக்களின் நிலத்தை முடியரசு மட்டுமே, அதுவும் விலைக்கு மட்டுமே வாங்கலாம் என்ற 1763 அரச பிரகடனத்தை மிக்மாக் தரப்பு சுட்டிக்காட்டியது. மிக்மாக் மக்கள் மரம் வெட்டியது பற்றிய மார்ஷல், பெர்னார்ட் வழக்குகளில் 2005-இல் தீர்ப்பளித்த கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பழைய நோவா ஸ்கோஷியாவில் அப்பிரகடனம் மிக்மாக் மக்களுக்கென நிலவுரிமையை ஒதுக்கித் தரவில்லை என்றும், மரம் வெட்டப்பட்ட இடங்களில் அவ்வுரிமை நிரூபிக்கப்படவில்லை என்றும் அது கூறியது. இத்தீர்ப்பை அதன் எல்லைக்குள் வைத்தே படிக்க வேண்டும். உரிமை நிரூபிக்கப்படவில்லை என்பது ஒன்று. நிலம் விற்கப்பட்டது என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல ஒரு பத்திரமும் இல்லை.

சீட்டுக் குலுக்கலில் போன தீவு

பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இந்த வெற்றிடம் பளிச்சென்று தெரிகிறது. 1763-இல் பிரான்சிடமிருந்து பிரிட்டனுக்கு மாறிய தீவை சாமுவேல் ஹாலண்ட் அளந்து 67 பெரும் பிரிவுகளாக வகுத்தார். ஒவ்வொன்றும் சுமார் 20,000 ஏக்கர். 1767 ஜூலையில் லண்டனில் சீட்டுக் குலுக்கி, செல்வாக்குள்ளவர்களுக்கு அவற்றைப் பகிர்ந்தளித்தார்கள். மிக்மாக் மக்களுக்கென்று ஒரு பிரிவும் இல்லை. தீவின் மூலப்பத்திரத்தைத் தேடிப் போகிறவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்தக் குலுக்கல்தான்.

சீட்டு விழுந்தவர்களில் பெரும்பாலோர் தீவை எட்டிப் பார்க்காத நிலக்கிழார்கள். வந்து குடியேறியவர்கள் அவர்களின் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். மிக்மாக் மக்களோ குத்தகைக்காரர்கள்கூட அல்லர். தங்கள் மண்ணிலேயே அனுமதியின்றித் தங்கியிருப்பவர்கள். மால்பெக் விரிகுடாவில் அவர்கள் நிலையாக வாழ்ந்த லெனாக்ஸ் தீவும் தனியார் உடைமைக்குள்தான் இருந்தது.

இரண்டு கிரயங்கள்

ஐந்தாண்டு இடைவெளியில் நடந்த இரு கிரயங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது 1870-இல். லெனாக்ஸ் தீவை அதன் உடைமையாளரிடமிருந்து 400 பவுனுக்கு வாங்கி, மிக்மாக் மக்களுக்காக அறங்காவலர் பொறுப்பில் வைத்தது லண்டனிலிருந்த பூர்வகுடிப் பாதுகாப்புச் சங்கம். அது அரசு அன்று. நன்கொடை திரட்டிய ஒரு தொண்டமைப்பு. விற்பவர் இசைந்ததால்தான் அந்தக் கிரயம் நடந்தது.

இரண்டாவது 1875-இல். குத்தகைக்காரர்களின் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு தீவு 1873-இல் கனடாக் கூட்டாட்சியில் சேர்ந்தது. சேர்வதற்கான நிபந்தனைகளில் ஒன்று, நிலக்கிழார்களிடமிருந்து நிலத்தை மீட்க 8,00,000 டாலர். 1875 நிலக் கொள்முதல் சட்டம் நிலக்கிழாரின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை; ஆணையர்கள் விலை நிர்ணயித்தார்கள், நிலம் கைமாறியது. எதிர்த்து வழக்காடியவர்களில் ஒருவரான சார்லட் சலிவன் 1877-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அரசு வாங்கிய நிலம் குத்தகைக்காரர்களுக்கு விற்கப்பட்டு, அவர்களுடைய முழு உடைமையாயிற்று.

குடியேறிய குத்தகைக்காரனுக்கு அரசே முன்வந்தது, சட்டத்தின் வலு இருந்தது, முடிவில் பத்திரம் அவன் பெயருக்கு வந்தது. மிக்மாக் குடும்பத்துக்கு வாய்த்தது தர்மமும் விற்பவரின் மனமும். பத்திரமோ அறங்காவலர் பெயரில். தனியார் நிலத்தை அரசு வாங்கிச் சமூகத்துக்குத் தருவது ஓர் இனத்துக்கு மட்டும் காட்டப்படும் சலுகை என்று இன்று குறைகூறுவோர் 1875-ஐ நினைவில் கொள்ள வேண்டும். அந்தத் தீவின் விவசாயிகள் பலருடைய பட்டாவே அத்தகைய அரசுக் கொள்முதலிலிருந்து பிறந்ததுதான்.

வாங்கப்பட்டது யாருக்காக?

அரசு வாங்கிய எல்லா நிலமும் மிக்மாக் நலனுக்காகவே வாங்கப்பட்டது என்று கொள்ளவும் முடியாது. நோவா ஸ்கோஷியாவின் சிட்னி நகரில் கிங்ஸ் ரோடு ஓரம் மிக்மாக் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் சிறியதோர் ஒதுக்கீட்டுக் குடியிருப்பு இருந்தது. நகரம் வளர, அது அண்டைவாசிகளின் கண்ணை உறுத்தியது. 8,000 பேருக்கு மேற்பட்ட நகரை ஒட்டிய ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து மக்களை நீதிமன்ற ஆணையால் அகற்ற கனடாவின் முதற்குடிகளுக்கான இந்தியர் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டது. அதன்படி 1916-இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் ஆணையிட்டது. வேறிடத்தில் நிலம் ஏற்பாடாகி 1926-இல் மக்கள் பெயர்க்கப்பட்டார்கள். அந்தப் புதிய இடமே இன்றைய மெம்பர்டூ. அங்கே நிலம் ஏற்பாடு செய்யப்பட்டது, மக்களை இருந்த இடத்திலிருந்து கிளப்புவதற்காக. ஆகவே ஒரு கிரயத்தை எடைபோட ஏக்கர் கணக்குப் போதாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

கிரயத்துக்குப் பின்

இந்தியர் சட்டத்தின்படி ஒதுக்கீட்டு நிலத்தின் சட்ட உடைமை முடியரசிடமே இருக்கிறது. சமூகத்துக்கு உள்ளது பயன்பாட்டு உரிமை. நம் பத்திர மொழியில் சொன்னால் அனுபோகம் அவர்களுடையது, பத்திரம் அரசுடையது. தனியாரிடம் வாங்கிய நிலத்தை ஒதுக்கீட்டில் சேர்க்கச் சூழல் மதிப்பீடு, கனிம உரிமை, உள்ளாட்சிக்கு இழப்பாகும் வரி எனப் பல வாசல்களைத் தாண்ட வேண்டும். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். சமூகமே வாங்கிய நிலமானால் அதுவரை மற்றவர்களைப் போலச் சொத்து வரியும் கட்டியாக வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தில் 2011-இல் அங்கீகாரம் பெற்ற கலிபு சமூகத்துக்கோ ஒதுக்கீட்டு நிலமே இல்லை.

மறுப்புகள்

விலை கொடுத்து வாங்கினால், விற்பவரின் உடைமை செல்லும் என்று ஒப்புக்கொண்டதாகாதா என்பது மிக்மாக் தரப்பிலிருந்தே எழக்கூடிய மறுப்பு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆயினும் கிரயம் அரசுக்கும் தனியாருக்கும் இடையிலானது; அதில் கையெழுத்திடாத மூன்றாமவரின் பாத்தியதையை அது கட்டுப்படுத்தாது. இன்றைய உடைமையாளர் 1767-இல் சீட்டுக் குலுக்கியவர் அல்லர். அரசு தந்த பத்திரத்தை நம்பி வாங்கியவர். பிழை பத்திரம் தந்த கையில் இருப்பதால், விலையும் அந்தக் கையிலிருந்தே வர வேண்டும்.

பொதுப்பணம் வீணாகிறது என்பது மறுபக்கத்து மறுப்பு. டொனால்ட் மார்ஷல் வழக்கில் 1999-இல் மிக்மாக் மீன்பிடி உரிமை உறுதியானதும், விற்க முன்வந்த மீனவர்களிடமிருந்து அரசு உரிமங்களை விலைக்கு வாங்கிச் சமூகங்களுக்குத் தந்தது. கடலில் உரிமையை மதிக்கச் செலவிடலாம் என்றால் கரையில் மட்டும் அது எப்படி வீணாகும்?

முடிவுரை

மூன்று நிபந்தனைகளை இங்கே முன்வைக்கலாம். இடத்தைச் சமூகமே தேர்ந்தெடுக்க வேண்டும். உடைமை எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பதையும் அதுவே முடிவுசெய்ய வேண்டும். இக்கிரயத்தால் மூல உரிமைக் கேள்வி தீர்ந்துவிடவில்லை என்பது ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். கடைசி நிபந்தனைக்குக் கனடாச் சட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. முதற்குடி மக்களின் உரிமைக் கோரிக்கை நிலுவையில் இருக்கும் இடத்தைத் தேசியப் பூங்கா என்று அறுதியாக அறிவிக்காமல் ‘தேசியப் பூங்கா ஒதுக்ககம்’ என்றே அறிவிக்கிறார்கள். லெனாக்ஸ் தீவுக்கு அருகிலுள்ள மணல்தீவுத் தொடரான பிட்டுவம்கெக் 2024-இல் அந்தப் பெயரில்தான் அமைந்தது. பூங்காவுக்குப் பொருந்தும் நேர்மை பத்திரத்துக்கும் பொருந்தும்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவின் நிலத்துக்கு அரசு ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. 1875-இல் அதைப் பெற்றுக்கொண்டவர்கள் சீட்டில் வென்றவர்களின் வழிவந்த நிலக்கிழார்கள்.