ஹாரியர் (பெயர் விளக்கம்)

ஹாரியர் என்பது ஒரு வேட்டைநாய் இனத்துக்கும் ஒரு பருந்து வகைக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். நாயின் பெயர் முயலைக் குறிக்கும் சொல்லோடும், பறவையின் பெயர் சூறையாடுவதைக் குறிக்கும் சொல்லோடும் தொடர்புடையவை. தமிழில் பறவைக்குப் பூனைப்பருந்து என்று பெயர்.

பறவை

சர்க்கஸ் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் 6 வகைகள் காணப்படுகின்றன. தமிழ்நாட்டுக்கு வருபவை செப்டம்பர், அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பும் வலசைப் பறவைகள். ஏரிக் கோரைகளில் சேற்றுப் பூனைப்பருந்தும், புல்வெளி, மானாவாரி நிலங்களில் மொண்டேகு பூனைப்பருந்தும் இரை தேடும். இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி ஏந்தி, தரையை ஒட்டித் தாழப் பறக்கும். ஆந்தைக்கு இருப்பது போன்ற முகவட்டு ஒலியைக் குவித்துத் தருவதால், புல்லுக்குள் ஓடும் எலியை ஓசை கேட்டே பிடிக்கும். வெட்டுக்கிளி, ஓணான், சிறு பறவைகளும் இரையாகும். இரவில் புல்வெளித் தரையில் கூட்டமாக அடைவதால் தீயும் உழவும் தெருநாய்களும் இவற்றுக்குத் தொல்லை.

ஏரிப்பாசனமும் மணிலா சாகுபடியும் உள்ள திருவண்ணாமலைச் சுற்றுப்புறம் இவை இரை தேடும் நிலவகையைச் சேர்ந்தது.  ஊர்களின் மேல் வட்டமிடும் கள்ளப்பருந்து வேறு. அதன் வால் நுனி கவை போல் பிளந்திருக்கும், பூனைப்பருந்தின் நீண்ட வாலில் அப்பிளவு இல்லை.

நாய்

இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனம். பீகிளைவிடப் பெரியது, ஃபாக்ஸ்ஹவுண்டைவிடச் சிறியது. தோள் உயரம் சுமார் 50 செ.மீ. கூட்டமாக மோப்பம் பிடித்து, முயல் களைக்கும்வரை துரத்தும். தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் முயல் வேட்டைக்குப் பெயர்பெற்றவையே. ஆனால் அவை இரையைக் கண்ணால் கண்டு வேகத்தால் பிடிப்பவை. அமெரிக்கன் கென்னல் கிளப் 1885இல் ஹாரியர் இனத்தை ஏற்றது.

விமானம்

பறவையின் பெயரைப் பெற்ற பிரிட்டிஷ் போர் விமானம். செங்குத்தாக எழவும் இறங்கவும் வல்லது. 1969இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது. அதன் கடற்படை வடிவமான சீ ஹாரியர் 1983இல் இந்தியக் கடற்படைக்கு வந்து, விக்ராந்த், விராட் கப்பல்களிலிருந்து பறந்து, 2016இல் ஓய்வுபெற்றது.

பிற

ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்: 1938இல் கோலாலம்பூரில் தோன்றிய ஓட்டக் குழு. ஒருவர் தடம் இட்டு முன்னே ஓட, மற்றவர்கள் வேட்டைநாய்களைப் போல அதைத் தேடித் தொடர்வர்.

டாடா ஹாரியர்: டாடா மோட்டார்ஸ் 2019 ஜனவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்த கார்.