வரிக்குறைப்பும் அரசின் வருவாயும்: 1981ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் – ஒரு நோக்கு

வருமான வரியைக் குறைத்தால் அரசின் வருவாய் பெருகும் என்னும் கருத்திற்கு, அதிபர் ரீகன் காலத்து 1981ஆம் ஆண்டுச் சட்டம் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. உச்ச வரிவிகிதம் 70 விழுக்காட்டிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும், 1981இல் 599 பில்லியன் டாலராக இருந்த கூட்டரசு வருவாய் 1984இல் 666 பில்லியனாயிற்று.

இவ்வுயர்வை அப்படியே ஏற்கலாமா? வருவாய் ஏறத்தாழ 11 விழுக்காடு உயர்ந்த அக்காலத்தில் நுகர்பொருள் விலைகள் 14 விழுக்காடு உயர்ந்தன. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வருவாயின் பங்கு ஏறத்தாழ 19 விழுக்காட்டிலிருந்து 17ஆகச் சரிந்தது. 1982இல் மற்றொரு சட்டத்தின்வழி வரிகள் உயர்த்தப்பட்ட பின்னரும் நிலைமை இதுவே.

வரிக்குறைப்பு வளர்ச்சிக்குத் துணைநின்றிருக்கலாம். எனினும், இழந்த வருவாயை அவ்வளர்ச்சி ஈடுசெய்யவில்லை என்பதே நாம் காணும் முடிபு.