குழலுக்கேத்த குண்டு

பண்டாரவன்னியன் எண்டதும் எங்களுக்கு வாள்தான் ஞாபகம் வருது. ஆனால் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சபோது அவர் கைப்பற்றினது பீரங்கிகளை. ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் ட்ரிபேர்க்கின் படையிடம் தோற்றார். வாள் கதைக்குள் மறைஞ்சுபோன ஈயத்தைத்தான் நாங்கள் தேடினோம்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் படைத் துவக்கின் குழல் அகலம் சுமார் 0.75 அங்குலம். குண்டோ சுமார் 0.69. ஏன் இந்த இடைவெளி? சில வெடி தீர்ந்ததும் குழலுக்குள்ள கரி படியும். அளவான குண்டு பிறகு இறங்காது. படைக்கு வேகம் வேணும், குறி பிறகு. (12 போர் எண்டு இண்டைக்கும் சொல்லுறமே, அது ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 குண்டு வார்க்கிற அளவு.)

ரைபிளில் இது சரிவராது. உள்ளுக்கு வெட்டின தவாளிப்பைக் குண்டு கவ்வினால்தான் சுழலும். 1840களில் இலங்கைக் காடுகளில் யானை சுட்ட சாமுவேல் பேக்கரிடம் இரண்டு தவாளிப்பு ரைபிள் இருந்தது. அதின்ர குண்டுக்கு நடுவில் பட்டி வரும்படி அச்சே தனி. தனி ஈயம் எலும்பில் நசுங்கும் எண்டு வேட்டைக்காரர் அதில் வெள்ளீயம் கலந்தார்கள்.

1853 என்ஃபீல்டுக்கு மாறாக மெத்தென்ற ஈயம்தான் வேணும். சிறிய குண்டு சுலபமா இறங்கி, வெடிக்கேக்க அடிப்பக்கம் விரிஞ்சு தவாளிப்பைப் பிடிக்கும். அப்பிடியிருந்தும் இந்திய வெயிலில் 0.568 அங்குலக் குண்டு கரிபிடிச்ச குழலுக்குள் சிக்க, 0.550 ஆகக் குறைச்சார்கள். குண்டு வழுக்கி இறங்கத்தான் தோட்டாக் காகிதத்தில் கொழுப்புப் பூசினது. 1857 ஐப் பாடத்தில் படிக்கேக்க இதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல.

வன்னியில் இருந்தது இடியன். வாய்ப்பக்கத்தால் மருந்து போட்டு இடிச்சு இறுக்கிறதால அந்தப் பேராம். கையால் செய்த குழல்கள் ஒண்டுபோல ஒண்டு இராது. அச்சு துலைஞ்சால் பொருந்துற குண்டும் இல்லை.

அப்பிடி ஒரு அச்சைப் பார்க்கத்தான் ஓமந்தையில் வீடு வீடாய்ப் போனோம். துவக்கு எண்ட சொல்லோடயே பல வாசல்களில் கதை நிண்டிட்டுது. சோதனைச்சாவடியில் வருசக்கணக்கா வரிசையில் நிண்ட சனம், பிழையில்லை. ஒரு அய்யா மட்டும் “பாக்குவெட்டி மாதிரி இருக்கும் தம்பியவை” எண்டு இரண்டு கையாலும் திறந்து மூடிக் காட்டினார். பிறகு குளத்துத் தண்ணியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிட்டார்.