உலராத வண்ணம்

தைல வண்ணத்தில் ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே மறுபூச்சு இடுவது ஐரோப்பாவின் பழைய மரபு. 17-ஆம் நூற்றாண்டில் ஹார்லெம் நகரத்து பிரான்ஸ் ஹால்ஸ் பலவிடங்களில் ஈரத்தின் மேலேயே தூரிகை ஓட்டினார். அவர் தீட்டிய முகங்களில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அக்காலத்திற்குப் பின்னும் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தனர்; குத்தித் திறந்தால் விரைவில் கெடும். 1841-இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் மோனே போன்றோர் ஆற்றங்கரையிலேயே, ஒளி மாறுமுன், ஈரத்தின்மேல் ஈரம் வைத்தனர். புதிதாய்ப் பழகும் நாம் அஞ்சுவது சேற்று நிறத்தைத்தான். முதற்பூச்சை மெல்லியதாகவும் அடுத்ததைத் தடிப்பாகவும் இடுவோம். தீற்றலுக்குத் தீற்றல் தூரிகையைத் துணியில் துடைப்போம். இரு வண்ணங்கள் கூடியவுடன் கையை எடுத்துவிடுவோம்.