நகைப்பெட்டியில் ஒரு ரிவால்வர்

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. பெண்களுக்கான இந்தியாவின் முதல் துப்பாக்கி என்றார்கள். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த ‘நிர்பயா’ என்ற பெயரை ஒட்டிய பெயர். கைப்பைக்குள் மறைக்கலாம், எடை சுமார் அரைக்கிலோ, அப்போதைய விலை சுமார் 1,22,000 ரூபாய். மரூன் நிற நகைப்பெட்டியில் வைத்துத் தந்தார்கள். நமக்கு எதையும் நகையாகத்தான் தர வேண்டும் போலும்.

நான் கவனித்தது அதன் காலிபரை, அதாவது குண்டின் விட்டத்தை: .32 அங்குலம். ஆண்களுக்கும் அதே அரசு நிறுவனம் ஏற்கெனவே விற்றுவந்த அளவுதான் இது. 9 மில்லிமீட்டர் போன்றவை படைகளுக்கானவை என்று சட்டம் ஒதுக்கிவிட்டது. பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் 1902இல் ‘லேடிஸ்மித்’தைக் கொண்டுவந்தபோது காலிபர் .22. பெண்ணுக்குச் சின்னது போதும் என்ற கணக்கு. 1989இல் அதே பெயர் .38இல் திரும்பியது. பெண்ணின் கை ஒன்றும் வளர்ந்துவிடவில்லை, சந்தை வளர்ந்திருந்தது. சிறிய குண்டுக்கு உதைப்பு குறைவு, ஆளை நிறுத்தும் வலுவும் குறைவு. பைக்காகத் துப்பாக்கியின் எடையைக் குறைத்தால் உதைப்பு கூடும்.

இந்தக் கணக்குகள் எல்லாமே எதிரே வருபவன் அந்நியன் என்று வைத்துக்கொள்கின்றன. இந்தியக் குற்றப் பதிவுகளிலோ, வல்லுறவு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன். வீட்டுக்குள் யாரும் கைப்பையை மாட்டிக்கொண்டு நடப்பதில்லை.