ஆவ்ரோ விமான ஆய்வும் பல்கலைக்கழக ஆராய்ச்சியின் பயனும்

ஆவ்ரோ விமான ஆய்வு என்பது, எச்.எஸ்.-748 என்னும் ஆவ்ரோ விமானத்தின் பறக்கும் தகுதி குறித்து 1970ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் நடந்த ஆய்வாகும். விமானப் பாதுகாப்புக்கும் விமானத் தொழிலுக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சி எவ்வாறு உதவுகிறது என்பதை இதன்மூலம் அறியலாம்.

பின்னணி

பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட இவ்விமானம், உரிமம் பெற்றுக் கான்பூரில் கட்டப்பட்டது. அங்கு உருவான முதல் விமானம் 1961இல் பறந்தது. விமானப்படையும் இந்தியன் ஏர்லைன்ஸும் இதைப் பயன்படுத்தின. பின்னர் இதன் தகுதி பற்றிப் பொதுவெளியில் ஐயம் எழுந்தது.

இரட்டை எஞ்சின் விமானம் புறப்படும்போது ஓர் எஞ்சின் நின்றாலும், மற்றொன்றைக் கொண்டு பாதுகாப்பாக மேலேற வேண்டும். வெயில் மிகுந்தால் காற்றின் அடர்த்தி குறையும். எஞ்சினின் ஆற்றலும் குறையும். எனவே குளிர்நாட்டில் போதுமான ஏறுதிறன் நம் நாட்டு வெப்பத்திலும் போதுமா என்று அளந்தே அறிய வேண்டும்.

ஆய்வு

அரசு இப்பொறுப்பைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் சதீஷ் தவானிடம் ஒப்படைத்தது. ரொத்தம் நரசிம்மா முதலியோர் இப்பணியில் பங்கேற்றனர். வெப்பநிலை, எடை, எஞ்சின் நிலை ஆகியவற்றுக்கேற்ப ஏறுதிறன் மாறும். ஆகவே இத்தகைய ஆய்வில் பலமுறை பறந்து அளவெடுத்து, புள்ளியியல் முறையில் கணிக்க வேண்டும்.

தயாரிப்பாளர், விமான நிறுவனம், விமானிகள் ஆகிய மூவருக்கும் தத்தம் நலன்கள் உண்டு. கல்விக்கூடத்துக்கு விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை. அதனால் அதன் முடிவை மூவரும் ஏற்க இயலும். ஆய்வுக்குப் பின்னும் ஆவ்ரோ பல ஆண்டுகள் பயணிகளைச் சுமந்தது. விமானப்படையில் பல பத்தாண்டுகள் பறந்தது.

தொழில்துறைக்குப் பயன்

இத்திறமை ஒரே நாளில் வந்ததன்று. இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை 1942இல் தொடங்கியது. அங்குக் கற்பித்த வி. எம். காட்கே பின்னர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் எச்.டி.-2 பயிற்சி விமானத்தை வடிவமைத்தார். அது 1951இல் பறந்தது.

தமிழகத்தில் இப்பணிக்கு வித்திட்டவர் சி. ராஜம். சிதம்பரம், கடலூர் மாணவர்கள் ரயிலில் எழும்பூர் செல்லும் வழியில் குரோம்பேட்டையைக் கடப்பார்கள். அங்குதான் அவர் 1949இல் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவினார். அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றது இங்கேதான். 1978இல் இது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானது.

ஆவ்ரோவுக்கு மாற்றான சி-295 விமானங்களில் 40ஐ வதோதராவில் கட்டுவதற்கு 2021இல் ஒப்பந்தமானது. உரிமம் பெற்றுக் கட்டும் விமானத்தையும் நாமே சோதித்தறியும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் இருந்தால்தான் சொந்த வடிவமைப்புகளோடு உலகச் சந்தையில் போட்டியிட முடியும்.